மெட்டி வெட்டிய நாள்

என்னைப் பெற்ற ஆத்தாவுக்கு முடக்குவாதம் வந்தபோது எனக்கு ஒன்பது வயதிருக்கும். எங்கள் ஊர் குடுமியான்மலைக்குப் பக்கத்தில் இருந்தது. விடிந்ததும் அவளுடைய விரல்கள் மடங்கியபடியே விறைத்துக் கிடக்கும். பாயிலிருந்து யாராவது தூக்கித்தான் உட்கார வைக்கவேண்டும். அப்பாவின் அக்கா, என் அத்தை, புருஷனை இழந்து எங்கள் வீட்டோடு இருந்தவர். ஆத்தாவைப் பார்த்துக்கொண்டதெல்லாம் அவர்தான். தலை சீவிச் சோறூட்டுவது மட்டும் என் பொறுப்பு. எனக்குச் சடை பின்னிவிட்டவளுக்கு நான் பின்னிவிடுவது எனக்கு அப்போது விளையாட்டாகத்தான் இருந்தது.

புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸம்மா எல்லாம் சொல்லிக்கொடுத்தார். கையையும் காலையும் இளஞ்சூட்டுத் தண்ணீரில் வைத்து, பிறகு ஒவ்வொரு மூட்டாக மெதுவாக நீட்டி மடக்கவேண்டும். முழங்காலுக்கு அடியில் தலையணை வைக்கக் கூடாது. சுகமாகத்தான் இருக்கும், ஆனால் கால் மடங்கியது மடங்கியபடியே நின்றுவிடும். ஆத்தா தலையணை கேட்டுக் கெஞ்சுவாள். அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டே அதை உருவிவிடுவார்.

அந்த மழைக்காலத்தில் கால்விரல்கள் வீங்கி, மெட்டிகள் சதைக்குள் இறங்கிப் புண்ணாகிச் சீழ் வைத்தன. மெட்டியை எடுக்காவிட்டால் விரலையே எடுக்கவேண்டி வரும் என்றார் நர்ஸம்மா. எண்ணெய், சோப்பு எதற்கும் அவை அசையவில்லை. அப்பா நகை வேலை செய்யும் பத்தரை வீட்டுக்கு அழைத்து வந்தார்.

அத்தை வாசலை மறித்து நின்றார். "புருசன் இருக்கையில மெட்டிய வெட்டுறதாப்பா? தாலியறுத்தவ நான் சொல்றேன், வேண்டாம். ஒனக்கு ஒண்ணு ஆச்சுன்னா நாங்க எங்கிட்டுப் போவோம்?"

பத்தர் கத்தரியைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார். ஆத்தா அப்பாவைப் பார்த்து, "வெரலு போனாப் போகட்டுங்க" என்றாள்.

"அவளுக்குப் புருசன் நான்தானே. வெட்டுங்க பத்தரே" என்றார் அப்பா.

ஆத்தா பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. அந்த வெள்ளியில் எனக்கு மோதிரம் செய்து தருவீர்களா என்று பத்தரிடம் கேட்டேன். அவர் வெட்டிய துண்டுகளைப் பொறுக்கி அப்பாவிடம் கொடுத்தார்.

விரல்கள் பிழைத்தன. ஆனால் நல்ல காரியங்களுக்கு ஆத்தாவை அழைப்பது அதோடு நின்றுபோயிற்று. அவளும் அதன்பின் எழுந்து நடக்கவில்லை. நான் சமைந்த வருடம் போய்விட்டாள். இத்தனைக்கும் நடுவில் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருவது மெட்டி வெட்டிய அன்றைய சாயங்காலம்தான்.

தன் தம்பியான அப்பாவின் ஆயுளுக்கு விளக்குப் போட அத்தை கோயிலுக்குப் போய்விட்டார். புண்ணைக் கழுவிக் காலுக்கு ஒத்தடம் கொடுக்க ஆளில்லை. ஆத்தாவின் காலைத் தூக்க என்னால் முடியவில்லை. அப்பா எழுந்துபோய் வாசல்கதவைச் சாத்தினார். ஈரக்காற்று வராமல் இருக்கத்தான் சாத்துகிறார் என்று நினைத்தேன். பிறகு கீழே உட்கார்ந்து, அவள் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

"வேண்டாங்க, எனக்குப் பாவம் சேரும்" என்று ஆத்தா காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். முடியவில்லை.

"தண்ணி ஆறுது, பேசாம இரு" என்றார் அப்பா.

துணியை நனைத்துப் பிழிந்து ஒவ்வொரு விரலாக ஒற்றினார். வெட்டும்போது அழாத ஆத்தா அப்போது விம்மி விம்மி அழுதாள். அப்பாவுக்கு நர்ஸம்மா சொன்ன பக்குவம் தெரியவில்லை, வலிக்க வைக்கிறார் என்று எனக்குக் கோபம் வந்தது.

"மெல்லமாப் புடிங்கப்பா, ஆத்தா அழுகுது" என்றேன்.

அப்பா நிமிர்ந்து பார்க்காமல், "சரிம்மா" என்றார்.