தாடையில் இடுக்கிய விரிப்பு

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் எல்லோரும் அவளைத் 'தாடைக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். படுக்கை விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். எதிரெதிரே நின்று நுனியைப் பிடித்து, நடந்து வந்து கையோடு கை சேர்க்க வேண்டும். இவளோ விரிப்பைத் தாடையில் இடுக்கிக்கொண்டு தனியாகவே மடித்துத் தள்ளுவாள். கூட ஆள் நின்றால் வேலை ஓடாது என்று சூப்பர்வைசரிடம் சொல்லியிருந்தாள். சுத்தப் பொய். எதிரே நிற்க வேண்டியவள் கூடப் பிறந்த தங்கை. அந்தக் கையைத் தொட இவளால் முடியவில்லை, அவ்வளவுதான்.

முன்பு ஒரு மதியம், லீவில் இருந்த தங்கையை நம்பி மகனை விட்டுவிட்டு வேலைக்கு வந்தாள். தங்கை கொஞ்சம் கண்ணசந்துவிட்டாள். தண்ணீர்த் தொட்டி மூடாமல் கிடந்தது. அப்போதுதான் மழலை திருந்திப் பேச ஆரம்பித்திருந்த பிள்ளை, தொட்டியில் மிதந்தது.

அடக்கம் முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை, ஆராதனைக்கு நடுவில் தங்கை ஓடிவந்து இவள் காலில் விழுந்தாள். சபையே பார்த்துக்கொண்டிருந்தது. மன்னித்துவிட்டேன் என்று இவள் வாய் சொல்லிவிட்டது. போதகர் கண்ணீர் விட்டார். அன்றிலிருந்து அவர் பிரசங்கத்துக்கு உதாரணம் வேண்டுமென்றால் இவள்தான். சபை தலையில் வைத்துக் கொண்டாடியது. கொண்டாடப்பட்டவளுக்கோ, கர்த்தர் கற்பித்த ஜெபத்தில் மற்றவர்களை மன்னிக்கிறோம் என்கிற வரி வந்தால் வாயே வராது. மற்றவர்கள் அதைத் தாண்டும்வரை உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்பாள். மன்னிக்கிற மனசைத் தா என்று வீட்டில் முழங்காலில் நின்று கெஞ்சிப் பார்த்தாள். கேளுங்கள் தருகிறேன் என்றவர் இதை மட்டும் ஏன் தரவில்லை என்று ஆண்டவரோடு சண்டையும் போட்டாள்.

தங்கை இப்போது பிள்ளைத்தாய்ச்சி. பிரசவ லீவில் போகிற அன்று மடிப்பு மேசைக்கு வந்து தயங்கி நின்றாள். பிறக்கிற பிள்ளைக்கு ஞானஸ்நானத்தில் ஞானத்தாயாக அக்காதான் நிற்க வேண்டும் என்றாள்.

தாடையிலிருந்து விரிப்பு நழுவியது. பீடத்துக்கு முன்னால் இன்னொரு பொய்யா?

"என்னால முடியாதுடி. நான் உன்னை இன்னும் மன்னிக்கல."

"அன்னைக்கு எல்லார் முன்னாலயும் சொன்னியேக்கா?"

"வாய் சொல்லுச்சு. தினமும் முயற்சி பண்றேன். மனசு வரமாட்டேங்குது."

தங்கை மேசையைப் பிடித்துக்கொண்டாள். சுற்றி மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"அந்த ஒரு வார்த்தையைப் புடிச்சுக்கிட்டுத்தான் நான் உசுரோட இருக்கேன். பொய்யாவே விட்டிருக்கலாமேக்கா."

அந்தப் பிள்ளையை இடுப்பை விட்டு இறக்காமல் வளர்த்தவள் தங்கைதான். இது இவளுக்கு இத்தனை நாள் தெரியாமலா இருந்தது? தெரியும். தெரிந்தும் மனசு இளகவில்லை, அதுதான் கொடுமை.

துணி வண்டியிலிருந்து ஒரு விரிப்பை உருவினாள். குழந்தைகள் வார்டு விரிப்பு. சின்னது, முதல் மடிப்பிலேயே இரண்டு பேர் கையும் முட்டிக்கொள்ளும். இரண்டு நுனிகளைத் தங்கையிடம் நீட்டினாள். தங்கை வாங்கிக்கொண்டு எதிரே வந்தாள். விரல் பட்டதும் நெருப்பு பட்டதுபோல இவள் கையை உதறிவிட்டாள். விரிப்பு தரையில் விழுந்தது. தங்கை வாசல் பக்கம் திரும்பினாள்.

"போகாதடி," என்றாள் இவள். குனிந்து விரிப்பை எடுத்து உதறினாள். கண் தெரியாத அளவுக்கு அழுகை.

"மறுபடியும் புடி."