மொட்டமாடியில இத்தாலி

ஒரு கண்ண மூடிக்கினுதான் ரகுபதி என் வூட்டு மாடிப்படி ஏறுவார். கட்டவெரல மூக்குக்கு நேரா நீட்டிக்கினு லாந்தர் கம்பம், எதுத்த வூட்டு ஜன்னல், மாட்டுவண்டின்னு எல்லாத்தையும் அளப்பார். ஒருநா என்னையும் அளந்தார்.

"இன்னா நைனா, ரவிக்கையா தெக்கப் போறே?"

"இல்லக்கா. அங்க நிக்கும்போது நீங்க என் கட்டவெரல்ல பாதிதான் கீறீங்க." மூஞ்சில சிரிப்பே இல்ல.

மத்த நாள்ல ஹார்பர்ல கப்பல் மூட்ட எண்ணுற கிளார்க்கு. ஞாயித்துக்கெழம மட்டும் என் மாடி ரூம்ல 'ராயபுரம் ஐரோப்பிய மறுமலர்ச்சி ஆராய்ச்சிச் சங்க'த்தோட செயலாளர். பேரு நீளம், போர்டு பாதி ஜன்னல மறச்சிக்கினு கீது. மெம்பருங்க மூணே பேரு. இவரு, டிராயிங் டீச்சர் ஃப்ளோரன்ஸ், கயித்துக்கட சௌக்கத் அலி பாய். ஐநூறு வருசத்துக்கு முன்ன இத்தாலில படம் வரஞ்சவன், செல செதுக்குனவன், பொணத்த அறுத்துப் பாத்தவன் இவங்களப் பத்தியெல்லாம் பொஸ்தகம் படிச்சி, தமிழ்ல எழுதி, சத்தமா வாசிச்சி, சண்ட போடுவாங்க. சுண்டல் என்னோடது.

"வெள்ளக்காரன் கப்பலேறிப் போயி நாலு வருசமாச்சு. நீ இன்னும் அவன் வூட்டுச் செவுத்தப் பாத்துக்கினு கீறியே?"

"அவன் வேற, இவன் இத்தாலிக்காரன். அதுவரைக்கும் எல்லாரும் பெரியவங்க சொன்னத வரஞ்சாங்கக்கா. இவன்தான் தன் கண்ணு பாத்தத வரஞ்சான். நாமளும் பாக்கணுமில்ல?"

"நான் வாராவாரம் பாக்குறேன். மூணு பேரு சுண்டல் துன்றத."

போன மாசம் என் நாத்தனார் புருசன் வெங்காய மூட்ட அடுக்க ரூம் கேட்டார். எனுக்கு சுத்தி வளச்சிப் பேசத் தெரியாது. ரகுபதி கையிலேந்து சாவிய வாங்கி இடுப்புல சொருவிக்கினேன். "வர்ற ஞாயித்துக்கெழம கூட்டத்துக்கு நம்ம தெரு ஜனம் வந்து கடசி வரைக்கும் குந்துனா, ரூம் சங்கத்துக்கு. இல்லாங்காட்டி வெங்காயத்துக்கு." அன்னிக்கு படியெறங்கும்போது மனுசன் கண்ண மூடவே மறந்துட்டார்.

ஞாயித்துக்கெழம காலங்காத்தால பாய் கடக் கயிறு வந்து எறங்குச்சு. மொட்டமாடி அந்தக் கோடிச் செவுத்துல ஒரே ஒரு ஆணி. அதுலேந்து கயிறுங்க பொறப்பட்டு, இந்தக் கோடில நட்ட கம்பங்கள்ல மேலயும் கீழயுமா விசிறியாட்டம் விரியுது. முன்னால ஓட்ட போட்ட ஒரு அட்ட. அதுல ஒத்தக் கண்ண வெச்சிப் பாத்தா, கிட்ட கீறது பெருசாவும் தூரம் போவப்போவ சின்னதாவும் எப்பிடித் தெரியுதுன்னு புரியுமாம். கட்டி முடிச்சிட்டு மூணு பேரும் வூடுவூடா ஆள் கூப்புடப் போனாங்க.

ஒரு ஆள் வர்ல. வெறுங்கையோட திரும்பி மாடியேறுனா, கயிறு பூரா துணி!

பின் வூட்டு மங்கை வேல அது. அவ புருசன் கடலுக்குப் போறவன், ஒரு வார அழுக்கு. கயித்தப் பாத்தா, கூடையோட ஏறிட்டா. ஆணிப் பக்கம் கயிறுங்க நெருங்குதில்ல, அங்க பொடவயப் போட்டா மாட்டிக்கும்னு பெருசெல்லாம் இந்தப் பக்கம், சிறுசெல்லாம் அந்தப் பக்கம். பொடவ, வேட்டி, பாவாட, ரவிக்க, கடசில ஆணியாண்ட கொழந்த கோமணம்.

ஃப்ளோரன்ஸ் டீச்சர் "ஐயோ, கர்த்தரே!"ன்னு குந்திட்டாங்க.

"இன்னாபா மொறைக்கிறீங்கோ?" மங்கை இடுப்புல கை வெச்சா. "கயிறு கட்னா துணிதான் காயப்போடுவாங்கோ. பின்ன இத்தாலியவா காயப்போடுவாங்கோ?"

ரகுபதி அட்டயாண்ட போனார். கடசியா ஒரு தபா பாத்துக்கலாம்னு நெனச்சாரோ இன்னாமோ, அட்ட ஓட்டைல கண்ண வெச்சார். வெச்ச கண்ண எடுக்கல. அப்புறம் ஒரே குதி.

"மாமு! வந்து பாரு மாமு!" பாயக் கட்டிப்புடிச்சி சுத்துறார். சங்கத் தமிழெல்லாம் பறந்துபோச்சு.

நானும் பாத்தேன். என் மொட்டமாடி எனுக்கே அடையாளந் தெரியல. துணிங்க சிறுத்துச் சிறுத்து, பெரிய பஜார் தெருவாட்டம் எண்ணூர் வரைக்கும் போவுது. அந்தக் கோடில கப்பல் கொடியாட்டம் கோமணம் ஆடுது.

"தே, எம் புள்ள கோமணமா அது? ஒரு மைலு தள்ளிக் கீதே!" மங்கை சிரிச்ச சிரிப்புல தெருவே நிமிந்து பாத்துச்சு. ஏறி வந்துச்சு. கியூ படி வரைக்கும் போச்சு. "ஒரு தபா பாத்துட்டேல்ல, நவுரு!" "எம் பொடவயும் போட்டுக்கோ சார், சரிகப் பொடவ!" நகர வழியில்லாத ஜனத்துக்கு ரகுபதி இத்தாலிய ஊட்டு ஊட்டுன்னு ஊட்டுனார். துணி காஞ்சி மொறமொறன்னு ஆயிடுச்சு. மங்கை எடுக்கல. "எவளாவது கைய வெச்சா ஒடச்சிருவேன்"ன்னு காவல் நின்னா. நான் ரெண்டாவது தபா சுண்டல் வேவ வெச்சேன்.

நாத்தனார் புருசன் ரூமப் பாக்க வந்தார். கியூவுல நின்னுக்கினு இருந்தார். "இன்னாங்க, வெங்காயம்?"ன்னேன். "இரும்மா, என் மொற வருது"ன்னார்.

பொழுது சாஞ்சி எல்லாரும் எறங்குனப்புறம் இடுப்புலேந்து சாவிய எடுத்து நீட்டுனேன். ரகுபதி ஒடனே வாங்கல. ரெண்டடி பின்னால போனார். ஒரு கண்ண மூடிக்கினு, கட்டவெரல நீட்டி, சாவியையும் என்னையும் சேத்து அளந்தார்.