நின்று பார்த்தவர்களுக்கு மட்டும் கோழி

அவருடைய கோழிக்கடையில் ஒரு சட்டம் இருந்தது. கோழியைக் கைகாட்டி வாங்குகிறவர் யாரானாலும், அதை அறுக்கும்போது பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். முகத்தைத் திருப்பினால் கத்தி அப்படியே நின்றுவிடும். "சாகப்போறது அது, சாப்பிடப்போறது நீங்க. அத நான் ஒருத்தன் மட்டும் பாத்தாப் போதுமா?" என்பார். ஊர் உலகத்தில் இல்லாத சட்டம்! வியாபாரம் உருப்படுமா? பாதிப் பேர் அடுத்த தெருக் கடைக்கு ஓடினார்கள்.

மிச்சப் பேரால் வேடிக்கைக்குக் குறைவில்லை. தலைமையாசிரியர் ஒருவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு நிற்பார். "சார், வகுப்புல தூங்கினா பெஞ்சு மேல ஏத்திடுவேன்," என்பார் இவர். மாமியார் வீட்டு விருந்துக்கென்று மீசையை முறுக்கிக்கொண்டு வந்த புதுமாப்பிள்ளை ஒருவன், பார்த்துவிட்டு, பீன்ஸ் வாங்கிக்கொண்டு போனான். குளித்து முடித்து சோப்பு வாசனையோடு சாப்பிட உட்கார்ந்து அவர் இதையெல்லாம் நடித்துக் காட்டும்போது, அவர் மனைவிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறும். என்ன காலம் அது! இன்றைக்கும் நினைத்தால் அவளுக்கு ஏக்கமாக இருக்கிறது.

கடைக்குப் பின்னால்தான் வீடு. நடுவில் ஒரே ஒரு கதவு. கோழி படபடக்கிற சத்தம் கேட்டதும் அவள் அடுப்படி ரேடியோவைச் சத்தமாக வைத்துவிடுவாள், பாட்டானாலும் சரி, செய்தியானாலும் சரி. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒரு தரம்கூட அந்தக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்ததில்லை. அதற்காகக் கோழி சாப்பிடுவதில் குறை வைத்தவளும் இல்லை. கழுத்துத் துண்டென்றால் அவளுக்கு உயிர்.

கொழுந்தன் வாயைத் திறக்கும்வரை இது அவளை உறுத்தவே இல்லை. "ஊருக்கெல்லாம் சட்டம், அண்ணிக்கு மட்டும் லீவா அண்ணே?" என்று ஒரு நாள் சாப்பிடும்போது அவன் கிண்டலடித்தான். எல்லோரும் சிரித்தார்கள். அவர் மட்டும் சிரிக்கவில்லை. தலையைத் தூக்காமல் சாப்பிட்டு எழுந்தார். அவ்வளவுதான், அவளுக்குச் சுருக்கென்றது. மனுஷன் நம்மைக் கேவலமாக நினைக்கிறாரோ? கேட்கவும் பயம். ஆமாம் என்று சொல்லிவிட்டால்? வயிற்றில் அந்த நெருப்பைக் கட்டிக்கொண்டே பிள்ளைகளை வளர்த்து, கட்டிக்கொடுத்து, தலையும் நரைத்துவிட்டது.

இப்போது அவருக்குக் கை நடுக்கம். கத்தியைக் கீழே வைத்தாகிவிட்டது. கடை இருந்த இடத்தில் ஒருவர் செல்போன் பழுதுபார்க்கிறார். கோழி பெரிய கடையிலிருந்து பிளாஸ்டிக் பையில், சுத்தமாக வருகிறது. யார் அறுத்தார்கள், யார் பார்த்தார்கள், கடவுளுக்கே வெளிச்சம். வீடு வெறிச்சென்று கிடக்கிறது.

ஒரு மதியம் அவருக்குப் பரிமாறிவிட்டுத் தானும் உட்கார்ந்தவள் வாயிலிருந்து, அவளையறியாமலே அது வந்துவிட்டது.

"ஏங்க, ஊரையே நிக்க வெச்சுப் பாக்கச் சொன்னீங்களே, என்னை ஏன் ஒரு நாளும் கூப்பிடல? இவ கோழைன்னு விட்டுட்டீங்களா?"

"நீயா கோழை? நல்லா இருக்கே கதை!" என்றார் அவர். "நான்தான் பயந்து செத்தேன். ரேடியோ சத்தம் கொஞ்சம் கொறஞ்சாலே, எங்க எட்டிப் பாத்துடுவியோன்னு எனக்குக் கை ஓடாது."

"பாத்தா என்னவாம்?"

"பாத்திருந்தா நீ சாப்பிடறத விட்டிருப்ப. உன் மனசு எனக்குத் தெரியாதா? வீட்டுல நீயே தொடாதத ஊருக்கு எப்படி அறுத்துக் குடுப்பேன்? மறுநாளே கத்தியத் தூக்கிப் போட்டிருப்பேன். வேற என்ன தொழில் தெரியும் எனக்கு?"

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷம் சுமந்தது வீண் பயம் என்ற நிம்மதி பாதி. மீதி அதுவல்ல. ஒரு நாள், ஒரே ஒரு நாள் அந்தக் கதவைத் திறந்திருந்தால், அத்தனை கோழிகளும்... அதற்குமேல் நினைக்க முடியவில்லை. கையிலெடுத்த கழுத்துத் துண்டைத் தட்டின் ஓரத்தில் வைத்தாள்.

"இத அப்பவே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"சொன்னா நீ பாத்திருப்பியே," என்றார் அவர்.