இருபத்தேழாம் எண் வீட்டு ஓட்டு

ஸ்கெர்ன்டேல் தொகுதியில் ஓட்டுகளை எண்ண மாட்டார்கள், தராசில் போட்டு நிறுத்துவிடுவார்கள் என்று பக்கத்துத் தொகுதிக்காரர்கள் கேலி பேசுவதுண்டு. கழுதைக்குச் சிவப்புப் பட்டி கட்டி நிறுத்தினாலும் ஜெயிக்கும் என்பது இன்னொரு கேலி. அதிலும் பாதி உண்மைதான். இரண்டொரு கழுதைகளை நாங்களே லண்டனுக்கு அனுப்பிவைத்திருக்கிறோம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்திரண்டில் தொழிற்கட்சி முதன்முதலாக ஜெயித்தது. அதற்குப் பிறகு தொண்ணூற்றேழு வருடம் வேறு யாரும் அந்த நாற்காலியைத் தொட்டதில்லை.

ஹாக்கில் கிராமத்தில் அந்தத் தொண்ணூற்றேழு வருடத்தைத் தன் சொத்துபோலக் காத்து வந்தவள் மேவிஸ் தர்ல்வெல். அவளுடைய அப்பா சுரங்கத்தில் வெடிவைப்பவர். புருஷன் ரோலண்ட் சுரங்கத்தின் அடியில் நிலக்கரி வெட்டியவன். தேர்தல் வந்துவிட்டால் அவள் வீட்டு முன்னறைதான் கட்சி அலுவலகம். சோபா மாடிக்குப் போகும், சாப்பாட்டு மேஜை நடுவுக்கு வரும், அதன்மேல் தெருவுக்கு ஒன்றாக வாக்காளர் அட்டைகள் விரியும். ஒவ்வொரு வீட்டுக் கதவையும் அவளே தட்டுவாள். நம் ஆள் என்றால் பேருக்கு நேராகச் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு. வாக்களிக்கும் நாளில் சிவப்புக் கோடு விழுந்தவர்களை மட்டும் வீடு வீடாகப் போய்க் கிளப்பி, நடக்க முடியாதவர்களைக் காரில் ஏற்றி, சாவடியில் கொண்டுபோய் இறக்க வேண்டும். மற்றவர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது. எதிராளியை நாமே எழுப்பிவிடுவானேன்? இதுதான் தொழில் ரகசியம். அதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

சேப்பல் தெருவில் ஒரே ஒரு வீட்டை மட்டும் அவள் தட்டுவதில்லை. இருபத்தேழாம் எண். அட்டையில் அந்த வரியின் மேல் அளவுகோல் வைத்து ஒரு கறுப்புக் கோடு இழுத்துவிடுவாள். அது அவள் தம்பி வில்ஃப் ஹெப்பிளின் வீடு.

எண்பத்து நான்காம் வருடச் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் ஒரு முழு வருடம் நடந்தது. அந்த ஒரு வருடமும் சேப்பல் கூடத்தில் அடுப்பு மூட்டி, தினம் முந்நூறு பேருக்குச் சமைத்துப் போட்டவள் மேவிஸ். பட்டாணிப் பருப்பைக் கடைந்து ரொட்டியோடு கொடுப்பாள். பன்றித்தொடை கிடைத்த நாள் விருந்து. சுரங்க வாசலில் மறியலுக்கு நின்ற ரோலண்டுக்குப் போலீஸ் தடியடியில் மண்டை உடைந்து பதினாறு தையல் போட்டார்கள். அந்தக் கட்டோடு அவன் மறுபடி வாசலில் நின்ற ஒரு காலையில், ஜன்னலுக்குக் கம்பிவலை அடித்த பஸ் ஒன்று கருங்காலிகளை ஏற்றிக்கொண்டு உள்ளே போனது. வலைக்குப் பின்னால் வில்ஃப் உட்கார்ந்திருந்தான். அன்றிலிருந்து பதினோராம் நாள் வேலைநிறுத்தம் தோற்று முடிந்தது. ஒரு வருடம் தாங்கியவனுக்கு இன்னும் பதினோரு நாள் ஏன் தாங்க முடியவில்லை என்று அவன் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். மேவிஸுக்கு ஆடவில்லை. ஆடவிடாமல் பிடித்து வைத்திருந்தாள் என்பதுதான் சரி. அவர்களுடைய அம்மா செத்தபோது குழியின் அந்தப் பக்கம் தம்பி, இந்தப் பக்கம் அக்கா. இருவரும் மண் போட்டுவிட்டு ஆளுக்கு ஒரு வழியாகப் போனார்கள். சுரங்கத்தை மூடினார்கள், மேலே புல் விதைத்தார்கள், ரோலண்ட் நுரையீரலில் தூசியோடு போய்ச் சேர்ந்தான். வில்ஃபின் மனைவியும் போனாள். ஒரே தெருவில் பதினாறு கதவு தள்ளி இருந்த இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்க்காமலே கிழடானார்கள்.

தேர்தலுக்குத் தேர்தல் அவன் தவறாமல் ஓட்டுப் போடுகிறான் என்பது மட்டும் அவளுக்குத் தெரியும். யார் வந்து போட்டார்கள் என்ற பட்டியல் பின்னால் கட்சிகளுக்குக் கிடைக்கும். யாருக்குப் போட்டார்கள் என்பதுதான் கிடைக்காது. காலை ஏழு மணிக்குக் கதவு திறந்ததும் முதல் ஆளாகப் போய், யார் முகத்திலும் விழிக்காமல் திரும்பிவிடுவான். கருங்காலி வேறு யாருக்குப் போடுவான், வேலைநிறுத்தத்தை ஒடுக்கிய டோரிக் கட்சிக்குத்தான் என்று மேவிஸ் முடிவு கட்டியிருந்தாள்.

இரண்டாயிரத்துப் பத்தொன்பது டிசம்பரில் தேர்தல் வந்தபோது காற்று சரியில்லை என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இருபத்து நாலாயிரமாக இருந்த வித்தியாசம் பத்தாயிரமாகி, போன தடவை நாலாயிரத்துக்கு வந்திருந்தது. பஸ் நின்றது, தபால் நிலையம் போனது, பிள்ளைகள் ஊரைவிட்டுப் போனார்கள். ‘இத்தனை வருஷம் போட்டோமே, என்னத்தைக் கண்டோம்’ என்று கிளப்பில் பேச்சு. அந்தப் பேச்சு மேவிஸ் உள்ளே நுழைந்ததும் நின்றுவிடும். ஹாக்கில் மட்டும் அசையாது என்று அவள் மேலிடத்துக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். அறுபத்தொன்பது வயது, வலது முழங்கால் மாற்றுமூட்டு. அப்படியும் எல்லாக் கதவையும் தட்டினாள். எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். இருபத்தொன்பதாம் எண் லெஸ் ராப்சன் அவள் கையைப் பிடித்துக்கொண்டே சொன்னான்:

“எப்பவும் போலத்தான் மேவிஸக்கா. எங்கிட்ட வந்து இதெல்லாம் கேக்கணுமா?”

நானூற்றுப் பன்னிரண்டு சிவப்புக் கோடு விழுந்தது. போன தடவையைவிட ஆறு அதிகம்.

வாக்களிக்கும் நாளன்று காலையிலிருந்தே பனி கலந்த மழை. உதவிக்கு நகரத்திலிருந்து ப்ரையனி என்ற பெண்ணைக் கட்சி அனுப்பியிருந்தது. முப்பது வயது, தொலைபேசியிலேயே குடியிருப்பவள், ஆனால் நல்ல வேலைக்காரி. மத்தியானம் ஒரு மணிக்கு அவள் ஒரு சீட்டை மேவிஸிடம் நீட்டினாள். சேப்பல் தெரு இருபத்தேழு, டபிள்யூ. ஹெப்பிள், மூச்சுக் கோளாறு, நடக்க முடியாது, மூன்று மணிக்கு மேல் கார் தேவை.

மேவிஸ் சீட்டைத் திருப்பிக் கொடுத்தாள். அந்த வீட்டுக்கு நம் கார் போகாது என்றாள். ஏன் என்று ப்ரையனி கேட்டதற்கு, டோரிக்குப் போட நம் பெட்ரோலா, அவர்களுக்குக் கார் இல்லையா என்று கேட்டாள். மேஜையைச் சுற்றி இருந்த கிழவிகள் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு ரொட்டியைத் தின்றார்கள். நாலரைக்கு மறுபடி அழைப்பு வந்தது. ஏழேகாலுக்கு இன்னொரு தடவை.

“ரொம்ப மரியாதையா பேசுறாருங்க,” என்றாள் ப்ரையனி. “உங்க பேரச் சொல்லி, அவங்கதான் கார் ஓட்டுறாங்களான்னு கேட்டாரு.”

“வண்டியெல்லாம் வெளிய போயிருக்குன்னு சொல்லு.”

அது முழுப் பொய்யும் இல்லை. அவளுடைய கார் அப்போது இருபத்தொன்பதாம் எண் வாசலுக்குத்தான் கிளம்ப இருந்தது. லெஸ்ஸுக்கு இடுப்பெலும்பு சரியில்லை. அவனையும் அவன் மனைவி ஐரீனையும் குடைபிடித்துக் கூட்டிவந்து காரில் ஏற்றினாள். பக்கத்து வீட்டு ஜன்னலில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

ஓட்டு எண்ணிக்கை நீச்சல்குளக் கட்டடத்துப் பெரிய கூடத்தில். ஹாக்கில் பெட்டியைக் கொட்டிச் சீட்டுகளைப் பிரித்து அடுக்கும்போது, கட்சி ஆட்கள் மேஜைக்கு எதிரே நின்று பார்க்கலாம். கண்ணில் படும் ஒவ்வொரு சீட்டுக்கும் மேவிஸ் அட்டையில் ஒரு புள்ளி வைத்தாள். முதல் பத்தில் ஆறு நீலம், டோரி ஓட்டு. ஏதோ கட்டு அப்படி அமைந்துவிட்டது என்று நினைத்தாள். அடுத்த ஐம்பதிலும் அப்படித்தான் இருந்தது. பெட்டி முடிந்தபோது அவள் கோடு போட்ட நானூற்றுப் பன்னிரண்டு பேரில் பாதிக்கு மேல் பொய் சொல்லியிருந்தார்கள். ஏமாற்ற வேண்டும் என்று யாரும் சொன்ன பொய் இல்லை அது. ஒரு வருடம் அவள் கையால் சாப்பிட்டவர்களுக்கு, அவள் முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்ல மனம் வரவில்லை. அத்தனை பேரையும் எழுப்பி, கோட்டு மாட்டிவிட்டு, குடை பிடித்துச் சாவடிக்குக் கொண்டுவந்தவள் அவளேதான். ஆயிரத்து முந்நூற்றுப் பதினெட்டு ஓட்டில் தொகுதி போனது.

விடிந்ததும் அவள் வீட்டுக்குப் போகவில்லை. யார்மேலாவது கோபப்பட்டே ஆகவேண்டும்போல் இருந்தது. இருநூறு பேர்மேல் எப்படிக் கோபப்படுவது? கோபத்துக்கென்று முப்பத்தைந்து வருடமாக ஒருவன் தயாராக இருந்தான். காரைச் சேப்பல் தெருவில் நிறுத்திவிட்டு, இருபத்தேழாம் எண் கதவை வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு தேர்தலுக்காகத் தட்டினாள்.

வில்ஃபின் மகள் லின்சி திறந்தாள். அத்தையை அவள் தெருவில் பார்த்திருக்கிறாளே தவிரப் பேசியதில்லை. விலகி வழிவிட்டாள்.

ஜன்னலோர நாற்காலியில் வில்ஃப் உட்கார்ந்திருந்தான். மூக்கில் குழாய். கழுத்தில் டை, மேலே கறுப்புக் கோட்டு, காலில் பாலிஷ் போட்ட ஷூ. நேற்று மூன்று மணிக்கு உடுத்தியது, எவ்வளவு சொல்லியும் கழற்ற மாட்டேன் என்கிறார் என்றாள் லின்சி. மூச்சு இத்தனை மோசமாக இருக்கும் என்று மேவிஸ் எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் வாயில் வைத்திருந்தது வந்துவிட்டது.

“உன் கட்சி ஜெயிச்சிருச்சு. இப்ப குளுகுளுன்னு இருக்கா?”

அவன் ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் நின்று நின்று பேசினான்.

“எந்தக் கட்சிக்கா? நான் நம்ம கட்சிக்குத் தவிர எதுக்குப் போட்டிருக்கேன்? அப்பா என்னக் கூட்டிட்டுப் போய்க் ஓட்டுச் சீட்டுல காட்டுன கட்டத்தத் தவிர எனக்கு வேற எடம் தெரியாது.”

நேற்று ஹாக்கிலில் சொன்னால் சொன்னபடி விழுந்திருக்கக்கூடிய ஓட்டை மேவிஸே வீட்டில் உட்கார வைத்துவிட்டாள். அந்த ஒன்றால் எதுவும் மாறியிருக்காது என்பது அவளுக்கும் தெரியும். அவளைக் குத்தியது அது இல்லை.

“டாக்ஸி கூப்பிட்டிருக்கலாமேடா,” என்றாள். “மூணு நிமிஷம்கூட ஆகாதே.”

“லின்சியும் அதான் சொன்னா. அவகிட்டயே கார் இருக்கு. நாந்தான் வேணாம்னேன்.” அவன் மூச்சுக்காகக் கொஞ்சம் நிறுத்தினான். “அடுத்த எலெக்‌ஷனுக்கு நான் இருக்க மாட்டேன். கட்சிக் கார்னா நீ ஓட்டிட்டு வருவே. வராம முடியாதுன்னு நெனச்சேன்.”

அவள் கதவருகே நின்றபடியே இருந்தாள். உட்கார் என்று அவன் சொல்லவில்லை. சொல்லும் உரிமை தனக்கு இருப்பதாக அவன் நினைக்கவில்லை. மேவிஸுக்கு அழுகை வந்தது. ரோலண்டின் சவப்பெட்டி இறங்கும்போதுகூடத் தெருவே பார்க்க அழாதவள், லின்சி பார்த்துக்கொண்டிருக்க அழுதாள்.

“ஒரு வார்த்த சொல்லக் கூடாதாடா? முப்பத்தஞ்சு வருஷத்துல ஒரு தடவ எங்கிட்ட வந்து சொல்லியிருக்கக் கூடாதா?”

“எப்படிக்கா வருவேன்?” என்றான் வில்ஃப். அதில் கோபம் ஒன்றும் இல்லை. “ஒவ்வொரு எலெக்‌ஷனுக்கும் நீ கதவு தட்டிட்டு வர்ற சத்தம் எனக்குக் கேக்கும். இருபத்தஞ்சாம் நம்பர்ல பேசிட்டிருப்பே, சிரிப்பே. நான் எந்திரிச்சு வந்து கதவுக்குப் பின்னால நின்னுக்குவேன். அப்புறம் உன் சத்தம் இருபத்தொம்பதுல கேக்கும்.”