அப்பாவின் பெயரில் ஒரு வண்டி

அப்பா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகின்ற இன்று, அறுவடை நேரத்திலும் வேலையைப் போட்டுவிட்டு எங்கள் வாசலுக்கு வந்திருக்கும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம். எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான் என்பதால் இதை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. "கதை கட்டாத. நடந்ததை எழுது" என்று அக்கா சொல்லியிருக்கிறார். நடந்ததையே எழுதுகிறேன்.

அப்பா கீழ்வேளூரை ஒட்டிய எங்கள் ஊரில், பண்ணை வேலை பார்த்த குடும்பத்தில் நான்காவது பிள்ளையாகப் பிறந்தார். இரண்டாம் வகுப்போடு பள்ளி முடிந்தது. எண்கள் தெரியும், தன் பெயரைக் கையெழுத்தாகப் போடத் தெரியும், அவ்வளவுதான். முதலில் டிராக்டர் ஓட்டினார். பிறகு நெல் அறுக்கும் இயந்திரம் நம் பக்கம் வந்தபோது, பயப்படாமல் அதில் ஏறிய ஓட்டுநர்களில் அவரும் ஒருவர். கீழ்வேளூரில் கடை வைத்திருக்கும் பாய்தான் இயந்திரத்தின் முதலாளி. வளைகுடாவில் உழைத்துச் சம்பாதித்து வாங்கியது. அதை அப்பா முப்பது ஆண்டு தன் பிள்ளையைப் போல் பார்த்துக்கொண்டார்.

தை மாதம் இங்கே சம்பா அறுப்பு முடிந்தால் ஆந்திரா, அங்கிருந்து கர்நாடகா, வேறொரு பருவத்தில் பாலக்காடு. கதிர் முற்றும் ஊர்களைத் தேடி லாரியில் இயந்திரத்தை ஏற்றிக்கொண்டு போவார். வருடத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். என் பள்ளி ஆண்டு விழா எதற்கும் அவர் வந்ததில்லை. கல்லூரியில் நான் பட்டம் வாங்கிய நாளில் மட்டும் ராய்ச்சூரிலிருந்து இரண்டு பஸ், ஒரு ரயில் மாறி வந்து, மண்டபத்தின் கடைசி வரிசையில் நின்றுகொண்டிருந்தார்.

மழை இருட்டிக்கொண்டு வரும்போது பெரிய வயல்காரர்கள் இயந்திரத்தைத் தங்கள் பக்கம் இழுப்பார்கள். அப்பா முதலில் ஓரத்தில் இருக்கும் அரைக்காணி வயலில்தான் இறக்குவார். "பெரிய வயலு நனைஞ்சா கொஞ்சம் போவும். இவருக்கு நனைஞ்சா மொத்தமும் போயிடும்" என்பார். இதற்காக அவரைத் திட்டியவர்களும் இன்று இந்தப் பந்தலில் இருக்கிறீர்கள். அவர் உங்கள் மேல் வருத்தம் வைத்துக்கொண்டதில்லை.

இத்தனை வண்டி ஓட்டியவருக்குச் சொந்தமாக ஒரு வண்டி கிடையாது. வீட்டில் இருந்த மொபெட்கூட அக்காவின் கணவர், அத்தானின் பெயரில்தான் இருந்தது.

ஆறு ஆண்டுகளுக்கு முன் பாலக்காட்டில் அறுவடைக்குப் போனபோது, வயலுக்குச் சொந்தக்காரர் வீட்டுக் கொட்டகையில் ஒரு காரைப் பார்த்தார். மேலே தார்ப்பாய், அதன் மேல் கோழி. தார்ப்பாயை விலக்கினால், நீண்ட மூக்கு, மடக்கி வைக்கும் கூரை, இரண்டே இரண்டு இருக்கை. வெளிநாட்டில் செய்த பழைய ஸ்போர்ட்ஸ் கார். அந்த வீட்டுக்காரர் தேயிலைத் தோட்டத்தில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். வயதாகிவிட்டதால் ஓட்டுவதை நிறுத்திவிட்டார். அப்பா அன்று மாலையே இஞ்சினைத் திறந்து பார்த்தார். அடுத்த பருவத்திலும் போனார், அதற்கடுத்த பருவத்திலும் போனார். மூன்றாவது வருடம் வண்டி உறுமியது.

"வாங்க வர்றவங்க எல்லாரும் எவ்ளோ வேகம் போவும்னு கேட்டாங்க. நீங்கதான் இதுக்கு என்ன உடம்புக்குன்னு கேட்டீங்க" என்று அந்த சார் சொன்னாராம். மகளோடு வெளிநாட்டில் போய் இருக்கப்போவதாகவும், போகுமுன் வண்டியை அப்பாவுக்கே கொடுக்க விரும்புவதாகவும் சொன்னார். என்ன விலை என்பதை எழுதக் கூடாது என்பது அம்மாவின் உத்தரவு.

அப்பா போனில் விஷயத்தைச் சொன்னதும் அம்மா கேட்டார்: "ரெண்டு சீட்டா? உங்க மவ எங்க உக்கார்றது, பேரப்புள்ளைங்க எங்க உக்கார்றது?"

"நீ எம் பக்கத்துல உக்காரு. மத்தவங்க பஸ்ல வரட்டும்."

"ஒரு மூட்டை அரிசி ஏத்த முடியுமா அதுல?"

"முடியாது. அதான் எனக்குப் புடிச்சுது. இத்தன வருசமா மூட்டையும் வைக்கோலும் ஏத்துற வண்டியத்தான் ஓட்டுனேன்."



அந்தப் பருவத்தில் இயந்திரம் அங்கேயே அடுத்த ஊருக்கு நகர வேண்டியிருந்தது. அதை ஏற்றி வந்த லாரி காலியாகத் திரும்பியது. பாயிடம் அனுமதி கேட்டபோது, "காலியா வர்ற லாரிதானப்பா, ஏத்திட்டு வா. ஆனா மெஷின ஏத்துற மாதிரி ஏத்தாத. அது இரும்பு, இது பீங்கான்" என்றார்.

அறுவடை இயந்திரம் ஏற்றுவதற்கு லாரியைப் பள்ளத்தில் இறக்கி, தட்டு கரை மட்டத்துக்கு வரும்படி நிறுத்துவார்கள். இயந்திரம் கரையிலிருந்து நேராக ஏறிவிடும். இந்தக் காருக்கோ வயிறு தரையோடு தரையாக இருக்கும். லாரித் தட்டின் விளிம்பில் உரசினால் போயிற்று. அப்பா வாய்க்கால் கரையில் பதர் மூட்டைகளை அடுக்கி, மேலே பலகை போட்டு, நீளமாக ஒரு சரிவு கட்டினார். பாதி நாள் ஆனது. கார் ஒரு கீறலில்லாமல் ஏறியது. உடம்பில் கயிறு படாமல் சக்கரங்களை மட்டும் கட்டி, சுற்றிலும் வைக்கோல் திணித்தார்.

வாளையார் சோதனைச் சாவடியில் அதிகாரி ஏறிப் பார்த்துவிட்டுக் கேட்டிருக்கிறார்: "அறுப்பு லாரிங்கிறீங்க. இது எந்தப் பயிர அறுக்கும்?"

"எதையும் அறுக்காதுங்க சார். சும்மா ஓடும்."

காகிதங்களைப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே அனுப்பினாராம்.

வண்டி வந்து சேர்ந்ததும் காகித வேலை என்னிடம் வந்தது. கேரளத்தில் கொடுத்த தடையில்லாச் சான்றை வைத்து, அதில் குறித்த கெடுவுக்குள் நம் மாவட்ட அலுவலகத்தில் வண்டியைப் பதிய வேண்டும். கெடு தாண்டினால் பாலக்காட்டில் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அந்த சாரோ மகளோடு விமானம் ஏறிவிட்டார். மறுபடி கையெழுத்து வாங்க ஆள் கிடையாது. எப்படியும் கார் எங்கள் கொட்டகையில்தான் நிற்கும், ஆனால் இன்னொருவர் பெயரில் நிற்கும்.

மனு எழுதிக் கொடுக்கும் ஒருவர் அப்பாவின் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, "பேசாம பையன் பேர்ல போட்டுடுங்க. படிப்பும் இருக்கு, ஆயுசும் இருக்கு" என்றார்.

"ஆயுசு அவனுக்கு இருக்கட்டும். வண்டி எனக்கு" என்றார் அப்பா.

அந்தச் சமயத்தில்தான் அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, உதவிக்கு வந்தார். மாமா பெயிண்டர். டிராக்டர் டிரெய்லருக்கும் அறுப்பு வண்டிக்கும் வண்ணம் அடிப்பதில் நம் வட்டாரத்தில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. வண்ணம் வெளுத்துப் போயிருந்த காருக்குச் சான்றில் இருந்த அதே கரும்பச்சையை அவர் அடித்து முடித்தபோது முகம் பார்த்துத் தலை வாரலாம் போல இருந்தது. கெடுவுக்கு ஆறு நாள் இருக்கும்போது அலுவலகத்துக்கு ஓட்டிப் போனோம். மாமா புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார்.

ஆய்வாளர் ஒரு அம்மையார். சேஸ் எண்ணைப் பென்சிலில் எடுக்கச் சொன்னார். வண்டியின் இரும்புச் சட்டத்தில் எண்ணைக் குத்தியிருப்பார்கள். அதன்மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எண் அப்படியே காகிதத்தில் விழும். அப்பா குனிந்து பார்த்தார். எண் இருந்த இடம் கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது.

மாமா பெருமையாக எட்டிப் பார்த்தார். "அந்த எடம் ஒரே கீறலும் பள்ளமுமா கெடந்துச்சு மச்சான். பட்டி போட்டு மட்டம் பண்ணிட்டேன்."

ஆய்வாளர் மெதுவாகச் சொன்னார்: "நம்பர் தெரியாத வண்டிக்கு நான் கையெழுத்துப் போட முடியாதுங்க. சுரண்டிடாதீங்க. எழுத்துல ஒரு கீறல் விழுந்தாலும் திருத்துன மாதிரி ஆயிடும். அப்புறம் யாராலயும் ஒன்னும் பண்ண முடியாது."

திரும்பி வரும் வழியெல்லாம் மாமா தலையைத் தூக்கவில்லை. அப்பா அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும், "சரி மாப்ள, போட்டது நீ. எடுக்கிற வழியச் சொல்லு" என்றார்.

"தின்னர்ல ஊறுனா பட்டி இளகும் மச்சான். அவசரப்பட்டாத்தான் கெடும்."

மூன்று பகல் இரண்டு பேரும் அந்தக் காரின் மூக்குக்குள்ளேயே இருந்தார்கள். தின்னரில் நனைத்த பருத்தித் துணியை வைத்து எடுப்பார் மாமா. இளகியதைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தொட்டுத் தொட்டு நீக்குவார் அப்பா. இரும்பு எதையும் கிட்டே விடவில்லை. நான் சான்றை வைத்துக்கொண்டு பக்கத்தில் நிற்பேன். ஆங்கில எழுத்து அப்பாவுக்குத் தெரியாது. தெரிவதைத் தெரிகிற மாதிரி சொல்வார்.

"ஏணி மாதிரி ஒன்னு இருக்கு."

"எச்சுப்பா. இருக்கு."

"அடுத்து ஏழு. அடுத்து... வேலியில படுத்த பாம்பு."

"எஸ். சரியா இருக்கு."

தெருவில் போகிறவர்களும் நின்று கேட்க ஆரம்பித்தார்கள். நான் தின்னர் வாங்கப் போன பஸ்ஸில்கூட, "எத்தன எழுத்துப்பா வந்திருக்கு?" என்று விசாரித்தார்கள். "உங்க மாமா பூட்டுன வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிச்சாலும் சாவித் துவாரத்தச் சேத்து அடைச்சிடுவாரு" என்று கேலி பேசினார்கள். கடைசி எண் மட்டும் துருவுக்குள் ஒளிந்துகொண்டு மூன்றா எட்டா என்று தெரியாமல் இருந்தது. மூன்றாம் நாள் பிற்பகல் அம்மா ஒரு கண்ணாடித் துண்டைக் கொண்டுவந்து சாய்த்துப் பிடித்து வெயிலை உள்ளே விட்டார். அப்பா வெகு நேரம் பார்த்தார்.

"எட்டு."

சான்றில் எட்டுதான். மாமா கொட்டகை ஓரமாகப் போய் உட்கார்ந்து அழுதுவிட்டார். அம்மா அவருக்கு மோர் கொண்டு போய்க் கொடுத்தார்.

கெடுவுக்கு ஒரு நாள் முன்பு மறுபடி போனோம். அப்பாவே காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்தார். ஆய்வாளர் அம்மையார் காகிதத்தையும் சான்றையும் அருகருகே வைத்து ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்தார். பிறகு ஓட்டிக் காட்டச் சொன்னார். வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அப்பா மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, சொன்ன கோட்டில் நிறுத்தினார். லைசென்ஸ் எடுக்க வந்திருந்தவர்கள் கை தட்டினார்கள்.

"யார் பேர்ல?" என்று கேட்டார் ஆய்வாளர்.

"என் பேர்லதாங்க" என்றார் அப்பா.

பதிவு அட்டை தபாலில் வந்தது. தபால் கொண்டுவரும் அக்காவிடம் அதைப் படிக்கச் சொன்னார். நான் பக்கத்திலேயே நின்றேன், என்னிடம் கேட்கவில்லை. வெளி ஆள் ஒருவர் வாயால் கேட்க வேண்டும் என்று நினைத்திருப்பார். அந்த அக்கா அப்பாவின் பெயரைப் படித்தார். கீழே, தகப்பனார் என்ற இடத்தில், தாத்தாவின் பெயரையும் முழுதாகப் படித்தார். அப்பா இன்னொரு தரம் படிக்கச் சொன்னார்.

முதல் ஓட்டம் பாயின் கடைக்கு. பாய் கடையை மருமகனிடம் விட்டுவிட்டு வந்து இடப்பக்கம் ஏறினார். "முப்பது வருசம் என் வண்டியில நீ உக்காந்த. இன்னைக்கு உன் வண்டியில நான் உக்கார்றேன். ஓட்டு முதலாளி" என்றார். அடுத்த ஓட்டம் அம்மாவோடு வேளாங்கண்ணிக் கடற்கரைக்கு. கூரையை மடக்கிவிட்டு, முந்தானை பறக்க அம்மா உட்கார்ந்து போனதை ஊரே பார்த்தது. பஸ்ஸில் பின்னால் போன எங்கள் எல்லாருக்கும் கடற்கரையில் அப்பா வறுத்த மீன் வாங்கிக் கொடுத்தார்.

இரண்டு ஆண்டுக்குமேல் அப்படி ஓட்டினார். பிறகு இதயம் ஒத்துழைக்கவில்லை. தஞ்சாவூர் மருத்துவமனையில் பதினோரு நாள் இருந்தார். வலி என்று சொல்லவே இல்லை. பேட்டரி இறங்கிவிடும், வாரம் ஒருமுறை வண்டியைக் கிளப்பி வை என்று மட்டும் சொன்னார்.

அந்தப் பதினோரு நாளும் ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னோடு இருந்த மாமாவுக்கும் அத்தானுக்கும், கேட்காமலே வேன் அனுப்பி வைத்த பாய் குடும்பத்தாருக்கும், சோறு கொண்டுவந்த தெருவாருக்கும், அப்பாவைத் தூக்கிச் சென்ற அறுப்பு வண்டி ஓட்டுநர் அண்ணன்களுக்கும், வெளிநாட்டிலிருந்து போனில் அழைத்து அம்மாவிடம் பேசிய பாலக்காட்டு சாருக்கும், நேர்மையாக நடந்துகொண்ட அந்த ஆய்வாளர் அம்மையாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பெயர் விடுபட்டவர்கள் பொறுத்தருள வேண்டும்.

சென்ற மாதம் வண்டியை அம்மாவின் பெயருக்கு மாற்ற மனு எழுதினேன். தாத்தா காலமானபோது எங்கள் வீட்டில் இப்படி ஒரு மனு எழுத வேண்டியிருக்கவில்லை. பெயர் மாற்ற அவர் பெயரில் எதுவும் இல்லை. இந்த முறை படிவத்தில், காலமான உரிமையாளர் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் அப்பாவின் பெயரை நிறுத்தி நிதானமாக, அழகான கையெழுத்தில் எழுதினேன். கட்டம் போதவில்லை, கடைசி எழுத்து கோட்டைத் தாண்டிவிட்டது. வேறு தாளில் எழுதட்டுமா என்று கேட்டேன்.

"இருக்கட்டும்" என்று சொல்லி அம்மா கையெழுத்துப் போட்டார்.