கல்லிடைக்குறிச்சிக்கு ஒரு சி.டி. கொண்டுபோனது

என்னிடம் சி.டி. பிளேயர் கிடையாது. எனக்குத் தெரிந்த யாரிடமும் கிடையாது. இருந்தும், தொண்ணூறுகளின் நடுவில் ஒரு சனிக்கிழமை மதியம், மதராஸில் ஏ.சி. போட்ட ஒரு பாட்டுக் கடைக்குள் நுழைந்து நானூற்றைம்பது ரூபாய் கொடுத்து ஒரு சி.டி. வாங்கினேன். “போட்டுக் காட்டட்டுமா சார்?” என்று விற்பனையாளர் கேட்டார். “வேண்டாம், தெரியும்” என்றேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் அட்டையில் ஒரு வீணையும் பக்கத்தில் ஒரு தாமரையும் இருந்தது மட்டுமே. சுரைக்காய் வாங்கினால்கூட நகத்தால் கீறிப் பார்த்து வாங்குகிறவன் நான்.

இந்தத் துணிச்சலுக்குக் காரணம் பயம். அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

கல்லிடைக்குறிச்சியில் என் பள்ளித் தோழர் ராமசுப்புவின் வீட்டு மாடியில், மூன்று மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாலு பேர் கூடிப் பாட்டுக் கேட்பது வழக்கம். ராமசுப்பு ஒரு கூட்டுறவு வங்கியில் கணக்கர். இரண்டாமவர் சுப்பையா, ஆற்றுக்கு அக்கரையில் அம்பாசமுத்திரத்தில் உரக்கடை வைத்திருப்பவர். மூன்றாவது மீனாட்சி டீச்சர், பெண்கள் பள்ளியில் கணக்குப் பாடம் எடுப்பவர். நாலாவது நான், மதராஸில் குடியிருப்பவன். அவரவர் புதிதாக வாங்கிய கேசட்டைக் கொண்டுவந்து போட்டு, மற்றவர்களுக்குச் சிபாரிசு செய்ய வேண்டும். உள்ளூரில் கிடைக்காத ஆல்பம் ஒன்றை எல்லார் சார்பிலும் மதராஸில் தேர்ந்தெடுத்து வாங்கி வருவது என் பொறுப்பு.

பாட்டு ஓடும்போது பேசக் கூடாது என்பது டீச்சரின் சட்டம். ஆனால் நடுவில் ஒரு தாம்பாளம் நிறையப் பொரித்த அப்பளம் இருக்கும். கல்லிடைக்குறிச்சி அப்பளத்தைச் சத்தமில்லாமல் கடிக்க இதுவரை யாராலும் முடிந்ததில்லை. ஆகவே பாட்டு பிடித்திருந்தால் ஒருவரும் தாம்பாளத்தைத் தொட மாட்டார்கள். அலுப்புத் தட்டினால் கை நீளும். நொறுக்கென்று ஒரு சத்தம். அதுதான் தீர்ப்பு. ஒரு பக்கம் முழுவதும் ஓடி முடிகையில் அப்பளம் நமுத்துப் போயிருந்தால், அதைவிடப் பெரிய விருது அந்த ஆற்றங்கரையில் வேறு கிடையாது.

நான் கொண்டுபோன கடைசி மூன்று கேசட்டுகளும் முதல் பாட்டிலேயே நொறுங்கின. அதற்குப் பிறகு ராமசுப்புவிடமிருந்து ஒரு கார்டு வந்தது. அவருடைய மைத்துனர் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி, மாதாமாதம் மதராஸ் வருகிறவர், சங்கீத ஞானமும் உண்டு. இந்தத் தடவையும் சரிப்படாவிட்டால் வாங்குகிற பொறுப்பை அவரிடம் ஒப்படைக்கலாம் என்பது சுப்பையாவின் அபிப்பிராயம் என்று எழுதியிருந்தார்.

படித்துவிட்டுச் சிரிக்கப் பார்த்தேன், வரவில்லை. ஊரில் எங்கள் வீட்டை விற்றாகிவிட்டது. கல்யாணம், கருமாதி என்று அழைக்கக்கூட அங்கே உறவு மிச்சமில்லை. அந்த மாடியில் ஜன்னலோரமாக, ஸ்பீக்கருக்கு இடப்பக்கம் எனக்கென்று ஓர் இடம் இருந்தது. நான் ஊருக்குப் போவதற்கு இருந்த ஒரே சாக்கு அதுதான். சாக்கு இல்லாமல் ஊருக்குப் போகிறவன் அங்கே லாட்ஜில் தங்க வேண்டியதுதான்.

ஞாயிறு, காலை ஆறே முக்கால். மதராஸ் ரயில் திருநெல்வேலி ஜங்ஷனில் இறக்கிவிட்டது. தென்காசி பாசஞ்சருக்கு டிக்கெட் ஆறு ரூபாய். மீட்டர் கேஜ் வண்டி. பக்கத்துத் தண்டவாளத்தில் மேயும் ஆடுகளுக்கு மரியாதை கொடுத்துப் போகும். பேட்டை தாண்டியதும் வயல் தொடங்கியது. எதிரே நெற்றி நிறையத் திருநீறோடு ஒருவர், காலடியில் வாழைத்தார் இரண்டு.

பெருமை தாங்காமல் பெட்டியைத் திறந்து சி.டி.யை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் வானவில் ஓடியது.

“அது என்ன அண்ணாச்சி, கண்ணாடியா?” என்றார்.

“பாட்டு.”

“பாட்டா? இங்கன குடுங்க.” வாங்கி, முகத்துக்கு நேரே பிடித்துத் திருநீற்றைச் சரிசெய்துகொண்டார். மீசையையும் ஒரு பார்வை பார்த்தார். “நல்லாத்தான் தெரியுது. நடுவுல ஓட்டை இல்லன்னா மூக்கும் தெரியும்.” திருப்பிக் கொடுத்தார். அந்தத் தகட்டிலிருந்து முழுத் திருப்தி அடைந்த முதல் மனிதர் அவர்தான். கடைசி மனிதரும் அவர்தான் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

சேரன்மகாதேவி, காருகுறிச்சி, வீரவநல்லூர். கல்லிடைக்குறிச்சியில் இறங்கியபோது ஒன்பது ஆகியிருந்தது. முப்பத்தைந்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகமான நேரம்தான். ஆனால் அந்த வண்டியில் யாரும் அவசரமாக ஏறியதாகத் தெரியவில்லை.

மாடியில் மற்ற மூவரும் வந்தாயிற்று. ராமசுப்பு கேசட் டெக்கில் நாடா உரசுகிற தலையை ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தார். சிவன் கோயில் குருக்கள்கூட லிங்கத்தை அவ்வளவு அக்கறையாகத் துடைப்பாரா தெரியாது. கூடம் முழுக்கப் புதுக் கேசட் வாசனை. அந்த வாசனையை இப்போது எங்கேயாவது விற்றால் வாங்கத் தயாராக இருக்கிறேன்.

முதலில் சுப்பையா. அவர் சினிமாக் கட்சி. அந்த நாளில் ஒரு கேசட்டில் ஏ பக்கம் ஓடுகிற படத்தின் பாட்டும், பி பக்கம் ஓடாத படத்தின் பாட்டும் இருக்கும். சுப்பையா ஏ பக்கத்தைப் போட்டதே இல்லை.

“ஏ பக்கத்தை டீக்கடையில ஓசில கேட்டுக்கலாம் வே. இந்தப் படம் அம்பாசமுத்திரத்துல மூணு நாளுதான் ஓடிச்சு. நாலாவது பாட்டைக் கேளும். இந்தப் பாட்டுக்காகவே தியேட்டர்காரன் படத்தை இன்னும் ஒரு நாளு ஓட்டியிருக்கலாம்.”

கேட்டோம். ஒரு பெண்குரல், பின்னால் ஒற்றைப் புல்லாங்குழல். தாம்பாளம் தொடப்படவில்லை. சுப்பையா யாரையும் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பி, கண்ணை மட்டும் துடைத்துக்கொண்டார். உரக்கடையில் தூசி அதிகம் என்று அவர் சொல்வது வழக்கம். மாடியில் தூசி கிடையாது.

அடுத்து டீச்சர் ஒரு ஷெனாய்க் கேசட் போட்டார். “ராத்திரி பேப்பர் திருத்தும்போது இதைப் போட்டுக்குவேன். பிள்ளைகளுக்கு மார்க்கு கூடிப் போயிருது” என்றார். அதுவும் நமுத்தது. ராமசுப்புவினுடையது ஒரு பழைய கச்சேரிப் பதிவு, காம்போதி ஆலாபனையில் யாரோ இருமுவதும் சேர்ந்து. “அந்த இருமல் வர இடத்தைக் கவனிச்சேரா ஓய்? வித்வான் ஒரு க்ஷணம் அவனுக்காகக் காத்துண்டிருக்கார்” என்றார்.

பிறகு மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். சி.டி.யை எடுத்து வைத்தேன்.

ராமசுப்பு அதை எடுத்தார், திருப்பினார், மறுபடி திருப்பினார். “இதை எதுல ஓய் போடறது?”

“பிளேயர் வேணும்.”

“அதைக் கொண்டுவரலியா?”

“எங்கிட்ட இல்லை.”

“அப்போ நீரும் கேக்கல.”

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். டீச்சர் இரக்கப்பட்டு வேறு கேள்வி கேட்டார். “சார், இதுல பி பக்கம் எது?”

“பி பக்கமே கிடையாது டீச்சர்.”

சுப்பையாவின் முகத்தில் ஒரு துக்கம் படர்ந்தது. “அப்ப எல்லாருக்கும் தெரிஞ்ச பாட்டு மட்டுந்தான் இருக்குமோ?” என்றார் மெதுவாக.

அதோடு விட்டிருக்கலாம். நான் விடவில்லை. அம்பாசமுத்திரத்தில் எங்கேயாவது பிளேயர் இருக்காதா என்று கேட்டேன். தன் கடைக்கு நாலு கடை தள்ளி, டி.வி., மிக்ஸி விற்கிற செல்லத்துரை அண்ணாச்சியிடம் ஒன்று இருப்பதாகவும், ஞாயிறு மதியம் வரை திறந்திருப்பார் என்றும் சுப்பையா சொன்னார். டீச்சர் எழுந்து கீழே போய், புதிதாக அப்பளம் பொரித்து ஒரு எவர்சில்வர் தூக்கில் அடுக்கிக்கொண்டு வந்தார். “தீர்ப்பு சொல்ல வேண்டாமா?” என்றார், கணக்கு வாத்தியார் கறாரோடு.

பதினொன்றேகால். டவுன் பஸ், ஆளுக்கு ஒன்றரை ரூபாய். பாலத்தின் மேல் போகும்போது கீழே தாமிரபரணி பாறைகளுக்கு நடுவே சலசலத்து ஓடிக்கொண்டிருந்தது. படித்துறையில் துணி துவைக்கிற சத்தம். “என்ன தூக்கு டீச்சர்?” என்று கண்டக்டர் கேட்டார். “அப்பளம்.” “சாப்பாட்டுக்கா?” “இல்லை, பாட்டுக்கு.” அவர் சில்லறையைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிட்டார்.

செல்லத்துரை அண்ணாச்சி எங்களை வாயெல்லாம் பல்லாக வரவேற்றார். பிளேயருக்கு இன்னும் பிளாஸ்டிக் உறைகூடக் கழற்றவில்லை. “இது வந்து நாலு மாசமாச்சு. கூட வந்த தகட்டுல ஒரு பொம்பள இங்கிலீஷ்ல என்னமோ சொல்லுதா. அதையே போட்டுப் போட்டுக் காட்டுதேன், ஒருத்தனும் வாங்க மாட்டேங்கான். நல்ல பாட்டா ஒண்ணு போடுங்க. நாலு பேரு எட்டிப் பாக்கட்டும்.”

நாலு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார். நடுவில் தூக்கு. சி.டி. உள்ளே போனது.

முதலில் தண்ணீர். அருவி மாதிரி, ஓடை மாதிரி, அவ்வளவு துல்லியமாகத் தண்ணீர். ஒரு நிமிஷம் தண்ணீர். ஒரு குருவி கத்தியது. மறுபடி தண்ணீர்.

செல்லத்துரை அண்ணாச்சி அண்ணாந்து பார்த்தார். “டேங்கு நிறைஞ்சு வழியுது போல” என்று எழுந்து பின்கட்டுக்குப் போனார். போய்ப் பார்த்துவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டே வந்து உட்கார்ந்தார்.

வீணையில் ஒரு தந்தி. டொய்ங். நான் நிமிர்ந்தேன். மறுபடி தண்ணீர்.

அட்டையின் உள்பக்கத்தை அப்போதுதான் முதல் தடவையாகப் படித்தேன். மன உளைச்சலால் தூக்கம் வராத வெளிநாட்டு அன்பர்களுக்காக விசேஷமாகத் தயாரிக்கப்பட்டது என்று இங்கிலீஷில் போட்டிருந்தது.

நொறுக்.

சுப்பையா. அவருடைய பல்லுக்கு இரக்கம் கிடையாது. அடுத்து ராமசுப்பு. டீச்சர் எனக்காக இன்னும் ஒரு டொய்ங் வரை பொறுத்தார். பிறகு அவரும் கையை நீட்டினார். செல்லத்துரை அண்ணாச்சி விஷயம் புரியாமல், கொடுத்த அப்பளத்தை வாங்கி அவரும் கடித்தார். கடை வாசலில் நின்று எட்டிப் பார்த்த ஒருவர், “அண்ணாச்சி, மோட்டாரை அமத்துங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

“என்ன விலை?” என்றார் சுப்பையா.

சொன்னேன்.

அவர் கொஞ்ச நேரம் மென்றார். “தண்ணிச் சத்தத்துக்கா? பாலத்துக்குக் கீழ போய் உக்காந்தா விடிய விடியக் கேக்கலாம்லா வே. அதுல குருவியும் உண்டு.”

எனக்கும் ஓர் அப்பளம் கொடுத்தார்கள். கடித்தேன். நியாயமாக நடந்துகொள்ள வேண்டும் அல்லவா?

மத்தியானம் ராமசுப்பு வீட்டில் சாப்பாடு. தாமிரபரணித் தண்ணீரில் வெந்த சோறு, தேங்காய்ப்பால் சொதி, மிச்சமிருந்த அப்பளம். சாப்பிடும்போது எல்லாரும் கருணையோடு மழையைப் பற்றியும் நெல் விலையைப் பற்றியும் பேசினார்கள். பாட்டைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அது அப்பளத்தைவிட உரக்கக் கேட்டது.

மாலை ஐந்தேகால். திரும்புகிற பாசஞ்சருக்கு ஸ்டேஷனுக்கு மூவருமே வந்தார்கள். “அடுத்த தடவை உம்ம மைத்துனரே வாங்கட்டும்” என்றேன் நானாகவே. யாராவது மறுப்பார்கள் என்று கொஞ்சம் இடைவெளி விட்டேன். ராமசுப்பு, “வண்டி வந்துடுத்து” என்றார்.

பொதிகை மலை பின்னால் நீலமாகப் போய்க்கொண்டிருந்தது. மதராஸில் நான் பாட்டுக் கேட்பது ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு, சத்தத்தை மூன்றுக்கு மேல் வைக்காமல். நாலு வைத்தால் பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டுவார். பாட்டு நன்றாயிருந்தது, நன்றாயில்லை என்று அவர் இதுவரை சொன்னதில்லை. அவருக்கு அது வெறும் சத்தம். என் ரசனையைத் தப்பு என்று சொல்லவாவது நானூறு மைலுக்கு அப்பால் மூன்று பேர் மெனக்கெட்டு உட்கார்ந்திருந்தார்கள். சேரன்மகாதேவி தாண்டும்வரை அதையே நினைத்துக்கொண்டு, வெளியே பார்ப்பதுபோல உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த கூட்டத்துக்கு நான் போகவில்லை. நாலு மாதம் கழித்து ஒரு சாயங்காலம், தோளில் மருந்துப் பையோடு ஒருவர் வீடு தேடி வந்தார். ராமசுப்புவின் மைத்துனர். அடுத்த ஆல்பத்துக்கு எல்லாருமாகச் சேர்த்துக் கொடுத்த பணத்தை என்னிடம் நீட்டினார்.

“போன கூட்டத்துக்கு நான்தான் சார் வாங்கிட்டுப் போனேன். ரெண்டு கேசட்டு. ரெண்டும் முதல் தரம். தாம்பாளத்துல ஒருத்தரும் கை வைக்கல, அத்தனை அப்பளமும் நமுத்துப் போச்சு.”

“அப்புறம் என்ன?”

அவர் நான் கொடுத்த தண்ணீரைச் சங்கடத்தோடு குடித்து முடித்தார். “கேட்டு முடிச்சதும் எல்லாரும் நல்லாருக்குன்னு சொல்லிட்டு எந்திரிச்சிட்டாங்க சார். பத்தரை மணிக்கே கூட்டம் முடிஞ்சு போச்சு. படியிறங்கும்போது சுப்பையா அண்ணாச்சிதான் சொன்னாரு: ‘நல்ல பாட்டைக் கேட்டுட்டு என்னத்தப் பேச? பழைய ஆளையே வாங்கச் சொல்லுங்க வே. அவரு வாங்கியாந்தாத்தான் நமக்கு மூணு மாசத்துக்குச் சிரிக்க விஷயம் கெடைக்கும்.’”