ஒரு நாளுக்கு ஒரு விலை

என் கணவர் விருப்ப ஓய்வு வாங்கிய பிறகு வீட்டிலிருந்தே பங்கு வியாபாரம் செய்ய ஆரம்பித்தார். பெஹாலாவில் எங்கள் மாடி வீட்டின் முன்னறையில் இரண்டு திரைகள். காலை ஒன்பதேகாலுக்குச் சந்தை திறக்கும், மாலை மூன்றரைக்கு மூடும். அதுவரை டீ போடுவதற்குத் தவிர அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார். நான் டாலிகஞ்சில் ஒரு வங்கிக் கிளையில் அதிகாரி. காலையில் கிளம்பும்போது சொல்லிக்கொள்வேன்; பதில் வராது. சில மாதங்களில் சொல்வதையும் விட்டுவிட்டேன்.

ஒரு புதன்கிழமை மதியம் கீழ்வீட்டு மாசிமா ஆபீசுக்கு போன் செய்தார். வங்காளிப் பெண்மணி, எழுபது வயதிருக்கும். டீ போட அடுப்பில் வைத்த பாலை என் கணவர் மறந்துவிட்டிருக்கிறார். பால் சுண்டி, பாத்திரம் கருகி, வீடெல்லாம் புகை. மாசிமா வந்து கதவைத் தட்டியிருக்கிறார். இவர் திறந்திருக்கிறார், திறந்துவிட்டு இருமிக்கொண்டே திரும்பிப் போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அடுப்பை அணைத்தது மாசிமாதான்.

“தாதாவுக்கு உடம்பு சரியில்லையா?” என்று கேட்டார்; என் கணவரை அவர் அண்ணா என்ற பொருளில் தாதா என்பார். இல்லை என்றேன். எனக்குப் பதற்றம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வரிசையில் நின்றவர்களுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

சாயங்காலம் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே கேட்டேன்.

“எதுக்கு இந்தச் சந்தை நொடிக்கு நொடி ஓடணும்? வாங்கறவங்க, விக்கறவங்க எல்லாரும் காலையிலேயே எழுதிக் கொடுத்துடட்டும். மூணு மணிக்கு ஒரே ஒரு வெலை. முடிஞ்சுது. என்ன கெட்டுப்போயிடும்?”

“அப்படியெல்லாம் பண்ண முடியாது. காலைல ஏதோ சேதி வருது. விக்கணும்னு நெனைக்கறவன் சாயங்காலம் வரைக்கும் கையைக் கட்டிண்டு நிக்கணுமா? அவசரம்னு ஒண்ணு இருக்கே.”

“யாருக்கு அவசரம்?”

அவர் ஜன்னலைத் திறந்துவிட்டார். பிறகு, “எனக்குத்தான்” என்றார்.

அதில் கோபம் இல்லை. பாத்திரத்தின் கருப்பு போகவில்லை, குப்பையில் போட்டேன்.

அந்த மாதக் கடைசியில் பங்குகளையெல்லாம் அவரே விற்றுவிட்டு மியூச்சுவல் ஃபண்டில் போட்டார். நான் வற்புறுத்தவில்லை. ஃபண்டுக்கு ஒரு நாளைக்கு ஒரே விலைதான். சந்தை மூடிய பிறகு வரும். நடுவில் பார்க்க ஒன்றுமில்லை. திரைகளில் ஒன்றை பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் எடுத்துக்கொண்டு போனாள். இன்னொன்றைத் துணி போட்டு மூடினோம்.

இனி வீட்டில் பேச்சுக் கேட்கும் என்று நினைத்திருந்தேன். அவர் பால்கனியில் உட்கார்ந்து தெருவைப் பார்த்தார். பட்டாணி, பர்வல் காய் வாங்கிவந்தார். டீயை நேரத்துக்குப் போட்டார், அடுப்பை அணைத்தார். நான் வந்ததும் “வந்துட்டியா?” என்பார். “ம்” என்பேன். இத்தனை வருஷம் அந்த ஒரு கேள்விக்காகத்தானே காத்திருந்தேன்? கேட்டபோது அது யாரோ யாரிடமோ கேட்டது போலிருந்தது.

பூஜை விடுமுறையில் ஒரு நாள் மதியம், தட்டில் சாதத்தைப் பிசைந்துகொண்டே அவர் சொன்னார்:

“இப்பவும் சொல்றேன், சந்தை நாள் பூரா தெறந்துதான் இருக்கணும். நாளுக்கு ஒரு தடவை வெலைங்கறது சரிப்படாது.”

“சரி.”

“ஆனா எனக்கு அது ஆகாது.”

“அதுவும் சரி.”

“நீ நிம்மதியா இருக்கியா இப்போ?”

யோசித்துப் பார்த்தேன். கீழே தெருவில் பூஜை மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

“தெரியலை” என்றேன்.

“எனக்கும்” என்றார். மோர் கேட்டார். ஊற்றினேன்.